லீவு நாளில் எழுந்த புகை

சேசு மரி சூசை துணை

வெள்ளிமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெஸிக்கு,

உலகத்தார் அனைவரின் மேலான கவனத்துக்கு. நம் வீட்டுச் சிவப்புச் சேவல், தொடர் தூறலை முன்னிட்டு, தன் கூவும் நேரத்தை விடியற்காலையிலிருந்து எட்டு மணிக்கு மாற்றி வைத்திருக்கிறது. கோழிகள் தரப்பில் ஆட்சேபம் ஏதும் வரவில்லை. இந்த அறிவிப்பு அம்மா சொன்னதல்ல, நானே சேர்த்தது. அம்மா சொன்னது இதுதான்: நாங்கள் மூன்று பேரும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் பாப்பா ஷெரினும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், எழுதுவது உன் தம்பி ராபின். அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான், அது எப்படி வந்தது என்பது போகப் போக வரும். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் என் சொந்தச் சரக்கும் கலந்திருக்கும். போனில் பேசினால் பாதியிலேயே அறுந்துபோகிறது, கடிதம் அறுந்துபோகாது, நான்தான் அறுப்பேன். நாளைக் காலை அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது சிக்னல் கிடைக்கிற வளைவில் நிறுத்தி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் நீ நாலு தடவை படித்துவிடலாம்.

நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அழுததிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. லீட்ஸில் லேசாகப் பனி விழுந்ததற்கே ஷெரின் பள்ளியை மூடிவிட்டார்கள், அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உன் ஆஸ்பத்திரி டூட்டி போயிற்று, இன்னொரு தடவை இப்படி நின்றால் வேலை நிரந்தரமாவது கஷ்டம் என்று வார்டு பொறுப்பாளர் சொல்லிவிட்டார், ஷெரினின் அப்பாவோ விசா வராமல் சின்னசேலத்தில் உட்கார்ந்துகொண்டு தினமும் மெயிலைத் திறந்து திறந்து மூடுகிறார். இப்போது லேசான பனிக்குப் பள்ளியை மூடலாமா கூடாதா என்று பெற்றோரையே வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், திறக்கச் சொல்லி நான் எழுந்து பேசி, அதன்பிறகு எந்தப் பிள்ளையாவது வழுக்கி விழுந்தால் என்னம்மா பண்ணுவேன் என்று கேட்டாய். அக்காவின் பனிக்கும் பணிக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம் என்று நான் சொன்னேன். அம்மா கரண்டியைத் தூக்கினாள், இடது கை என்பதால் குறி தப்பிவிட்டது.

பதில் சொல்வதற்கு முன்னால் அம்மாவுக்குச் சில விஷயம் தெரிய வேண்டுமாம். பனி விழும்போது சத்தம் வருமா, வராதா. வராது என்றால், காலையில் எழுந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்களா. நம் ஊர் மார்கழிப் பனி புல்லில் உட்கார்ந்து வெயில் வந்ததும் எழுந்து போய்விடுகிறது, உங்கள் பனி எழுந்து போகுமா, இல்லை யாராவது தள்ள வேண்டுமா. நீ இரண்டு விரல் உயரம் என்று சொன்னாயே, அது அரிசிக்கு மேலே தண்ணீர் நிற்கிற இரண்டு விரலா, இல்லை படுக்க வைத்த இரண்டு விரலா. சத்துணவில் இருபது வருஷம் சமைத்த கைக்கு எல்லாம் விரல் கணக்குதான். அதோடு, மூடிவிட்டோம் என்று பள்ளிக்காரர்கள் சொல்வது எல்லாருக்கும் போய்ச் சேருகிறதா, சேராமல் வந்து நிற்கிற பிள்ளை அங்கேயும் உண்டா என்று கேட்கச் சொன்னாள். கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அதில் உன் தம்பியின் பங்கும் கணிசமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை மாவட்டம் முழுவதும் மழை லீவு. திருநாவலூர் பக்கம் வயலெல்லாம் முழங்கால் தண்ணீராம், அதற்காக மலைமேல் இருக்கிற எங்களுக்கும் லீவு. இங்கே விழுந்தது சேவல் கூட லட்சியம் பண்ணாத தூறல், சரி, சேவல் மட்டும் லட்சியம் பண்ணியது. எல்லார் போனுக்கும் செய்தி வந்துவிட்டது, ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் வராது, அங்கே சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவர்களுக்குச் சத்துணவுக் கூடத்துப் புகைதான் செய்தி. காலையில் வாசலில் நின்று பார்ப்பார்கள், புகை தெரிந்தால் பள்ளிக்கூடம் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. அதனால்தான் கேஸ் வந்த பிறகும் அம்மா ஒரு விறகடுப்பை விடாமல் எரிக்கிறாள், அதனால்தான் லீவு நாளில் வெந்நீருக்குக் கூட அதைப் பற்றவைக்க மாட்டாள். நான் இதையெல்லாம் மறந்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கைத் தணலில் சுட்டால்தான் ருசி என்று, ஆணியில் தொங்கிய கூடத்துச் சாவியை எடுத்துப் போய் அடுப்பை மூட்டிவிட்டேன். விறகு ஈரம். புகை என்றால் சாதாரணப் புகை இல்லை, திருவிழாப் புகை. வீட்டிலிருந்து அதைப் பார்த்த அம்மா, எதிர்மலை பார்ப்பதற்குள் அணைத்துவிட வேண்டும் என்று ஓடி வந்தாள், கூடத்துப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். அந்தக் கட்டு இந்தக் கட்டுத்தான். விழுந்த இடத்திலிருந்தே "அணைச்சியாடா, எரும?" என்றாள். அணைத்துவிட்டேன், ஆனால் அதற்குள் சரிவில் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். "இன்னாத்துக்கு வந்துதுங்கன்னு நெனச்ச? உன் மூஞ்சியப் பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, அணைத்த அடுப்பை மறுபடி மூட்டச் சொன்னாள். லீவு நாளில் பள்ளி அரிசியைத் தொடக்கூடாது, வீட்டிலிருந்த சாமையை எடுத்துவரச் சொல்லி, ஒரு கையால் காட்டிக் காட்டி என்னைக் கிண்ட வைத்தாள். தலைமையாசிரியர் ஜெயப்பிரகாஷ் சார் குடையோடு வந்து எட்டிப் பார்த்து, "லீவு வுட்ட அன்னிக்கு யாருமா அடுப்பு பத்த வெச்சது?" என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார், சாமையைப் பார்த்தார், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், அவருடைய குடையை விரித்து ராட்டினம் சுற்றினார்கள். மதியத்துக்கு மேல் மரவள்ளிக் காட்டில் கூலிவேலைக்கு நடுவே சாலம்மாள் அக்கா தன் மகளைத் தேடி வந்தார். சார் அவரிடம், இன்றைக்கு லீவு, தெரியாதா என்றார். "பள்ளிக்கூடத்துக்கு லீவு வுட்டீங்க சரி, எங்களுக்கு யாருங்க லீவு வுட்டாங்க? வூட்ல வுட்டுட்டுப் போனா ஓடையில போய் நிக்கும், இங்க வந்துதுன்னா நான் வேலையப் பாத்துக்கினு இருப்பேன்" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ அழுததைக் கேட்டதிலிருந்து அம்மா அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று சாலம்மாள் அக்கா மறுபடி காட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், சாயங்காலம் பிள்ளைகளை ஓடைப் பாறை தாண்டிக் கொண்டுபோய்விடும் பெரும்பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தப் பாறை நனைந்தால் சோப்பு. ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து இறக்கிக் கரை சேர்த்தேன், அன்றிலிருந்து எதிர்மலையில் எனக்கு ராபின் சார் என்றே பெயர்.

அப்பா உன் பக்கம் முழுசாக இல்லை, அதையும் எழுதச் சொன்னார். மலைப்பாதையில் ஈரத்தில் ஜீப் ஓட்டுகிறவனைக் கேட்டால் மூடச் சொல்லித்தான் சொல்லுவான் என்கிறார். "தூறல்தான் மோசம், கொட்டற மழையில எல்லாம் பயந்து மெதுவா வருவான், தூறல்ல எவனும் பயப்பட மாட்டான்" என்பது அவர் கட்சி. அம்மா அதை யோசித்தாள். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு நேற்றுக் கஞ்சி குடிக்கும்போது சொன்னாள், இருபது வருஷமாக ஏறி இறங்குகிற படி, மழையில் எத்தனையோ நாள் ஏறியிருக்கிறேன், நடந்தபோதெல்லாம் விழவில்லை, ஓடினபோதுதான் விழுந்தேன். அதனால் நீ கூட்டத்தில் திறக்கச் சொல்லியும் பேச வேண்டாம், மூடச் சொல்லியும் பேச வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு ஒரே ஒரு அறையைத் திறந்து, பக்கத்திலேயே குடியிருக்கிற யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும், சூடாக ஏதாவது கொடுக்கட்டும், டூட்டிக்குப் போகிறவர்கள் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போகட்டும். பாடம் பத்து மணிக்குத் தொடங்கட்டும். தாமதமாக வருகிற பிள்ளையை ஏன் என்று கேட்கக்கூடாது, வராத பிள்ளையையும் கேட்கக்கூடாது. யாரும் ஓடி வரத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டால் பாதிப் பேர் விழமாட்டார்கள். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குப் பாடம் எதுக்கு, ஒரு ஆளு இருந்தா போதாதா" என்கிறாள் அம்மா. அப்பா இதற்குத் தலையாட்டினார், வண்டிகளை மட்டும் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லு என்றார். நம் சேவலின் கொள்கையும் ஏறக்குறைய இதுவேதான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுந்து பேசும்போது இங்கிலீஷ் தடுமாறினால் மெதுவாகப் பேசு, அவர்களுக்கும் அவசரம் இருக்காது. எல்லாரும் கேட்டுவிட்டு முடியாது என்றால் அழாதே, உன் மாதிரி டூட்டிக்குப் போகிற இன்னும் இரண்டு அம்மாக்களாவது அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், அவர்கள் யாரென்று பார்த்து வைத்துக்கொள், முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஷெரினுக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பு. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், வேலை நிலைக்கும், மாப்பிள்ளையும் வந்து சேருவார். நீ அனுப்பிய ஸ்வெட்டரை அப்பா ஜீப் சீட்டுக்குப் போட்டிருக்கிறார், அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. என் கேள்விகளுக்கெல்லாம் பதில் வேண்டும், முக்கியமாக அந்த விரல் கணக்கு.

உன் நெற்றியில் முத்தமிட்டு,
அம்மா உபகாரமேரி
(இடது கைக் கையெழுத்து, கோழி கிளறியது அல்ல)

அக்கா, அம்மா கோழியை அடைக்கப் போயிருக்கிறாள், அதற்குள் ஒன்று. அந்த ஓடைப் பாறை விஷயம் மேலே எழுதிய மாதிரி அவ்வளவாக நடக்கவில்லை. நீ அனுப்பிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு முதலில் இறங்கியது நான்தான், உட்கார்ந்த வாக்கில் பாதிப் பாறை போய்விட்டேன். சாலம்மாள் அக்காவின் மகள் இரண்டாம் வகுப்பு. அவள்தான் இறங்கி வந்து, "சார், ஷூவக் கயட்டிக் கையில எடுத்துக்கோ, என் கையப் புடிச்சிக்கோ, கீழ பாக்காத" என்று என்னைக் கரை சேர்த்தாள். அந்தச் சார் மரியாதைக்குச் சொன்னதில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நான் திரும்பி வர வேண்டுமே, அதனால் அவள் மறுபடியும் என்னை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தனியாகத் திரும்பிப் போனாள். வெள்ளிக்கிழமை யாராவது எழுந்து சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடுமே என்று கேட்டால் இதைச் சொல்லு. என் பெயரை மட்டும் சொல்லாதே.