பூட்டியிருந்த டிரைவை அழித்துவிட்டேன், மாமா

என் மாமாவுக்கு,

கோபப்படாமல் கேளுங்கள் என்று தொடங்கத்தான் ஆசை. உங்களுக்குக் கோபமே வராது என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் "உட்டுத் தள்ளு மதி" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஆள் இல்லாததால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் மகள் தமிழினி உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். கணக்குப் பாடத்தில் உங்களை மாதிரி, சிடுசிடுப்பில் என்னை மாதிரி. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சோளக்காடு ஊருக்குப் பஸ் இப்போது ஓரளவு சரியான நேரத்துக்கு வருகிறது. நல்ல செய்திகள் இவ்வளவுதான்.

இது அச்சில் வரப்போகிறது, வேறு சிலரும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருக்கிற நம் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே ஓர் எக்ஸ்ரே மெஷின். அதை இயக்குகிற கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. அதிலிருக்கும் புரோகிராமைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. சிஸ்டத்தைப் புதிதாக மாற்றினால் புரோகிராம் ஓடாது. மலையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதன் ஹார்டு டிஸ்க் அடிக்கடி செத்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் சர்வர் சேமிப்பு வேலை பார்த்த நீங்கள், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, மலைமேல் நாடு என்று சொல்கிற ஊர்த்தொகுதிகளில் ஒன்றான குண்டனி நாட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். வந்த கையோடு அந்த ஆஸ்பத்திரி வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, டேட்டா சென்டரில் கழித்துக்கட்டிய இரண்டு எஸ்எஸ்டி டிரைவ்களை வாங்கி வந்தீர்கள். பெரிய சர்வர்களுக்கென்றே செய்தவை. கரண்ட் சட்டென்று போனாலும் உள்ளே இருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர்களின் மின்சாரத்தை வைத்து, கையிலிருக்கும் வேலையை எழுதி முடித்துவிட்டுத்தான் இவை அணையும் என்று தமிழினிக்கு விளக்கினீர்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியின் பழைய சிஸ்டத்துக்கு இந்தப் புது டிரைவை அடையாளமே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் பேச ஒரு டிரைவர் மென்பொருள் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, எக்ஸ்ரே எடுக்கும் செல்வராசு, நம்ம மலைக்கு வாற பஸ் டிரைவர் யாராச்சும் ஆவாங்களா என்று கேட்டுச் சிரித்தது நினைவிருக்கிறதா? இணையத்தில் யாரோ எழுதிப் பொதுவில் விட்டிருந்த டிரைவரை எடுத்து, இந்த ரக டிரைவை ஏற்றுக்கொள்கிற மாதிரி நீங்கள் திருத்தினீர்கள். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்க மாட்டேன் என்று சிஸ்டம் அடம்பிடித்தது. அதையும் சமாளித்தீர்கள். சிஸ்டம் முடங்கி நீலத்திரை, மறுபடி திருத்தம், மறுபடி நீலத்திரை. ஒருநாள் செல்வராசுவின் உள்ளங்கை எலும்பு அத்தனையும் திரையில் தெரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

இரண்டாவது டிரைவை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, கம்பெனிப் பழக்கத்தில் பாஸ்வேர்டு வைத்துப் பூட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மைக்கை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். என்ன செய்கிறீர்கள் என்றால், "அப்பறம் சொல்றேன்" என்று சிரிப்பீர்கள். தமிழினிக்கு ஏதோ பேசிப் பதிகிறீர்கள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு அந்தக் காய்ச்சல். சேலம் ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தபோதும் தெளிவாகத்தான் பேசினீர்கள். பாஸ்வேர்டு என்னங்க மாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால், நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்று நானே உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் லேப்டாப் எனக்குத் திறந்தது. டிரைவரின் மூல நிரல், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் முழு நகல், எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. பூட்டிய டிரைவ் மட்டும் திறக்கவில்லை. தெரிந்த பெயர், தெரிந்த தேதி எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு பழைய துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். "அப்பாவோடது" என்று தமிழினி சொன்னால் அது அந்த டிரைவ்தான். என்றைக்காவது திறந்துவிடலாம் என்று அவளுக்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரியின் கரண்ட் கம்பியில் இடி இறங்கியது. எக்ஸ்ரே மெஷின் தப்பியது. கம்ப்யூட்டரின் போர்டும் நீங்கள் போட்ட டிரைவும் கருகிப்போயின. செல்வராசு நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தார்.

நான் மென்பொருளைச் சோதிக்கிற வேலை பார்த்தவள். டிரைவர் எழுதத் தெரிந்தவள் இல்லை. ஆனாலும் இறங்கினேன். பழைய போர்டு ஒன்று நாமக்கல்லில் கிடைத்தது. பழைய சிஸ்டத்துக்கே அடையாளம் தெரிகிற சாதாரணக் கடை எஸ்எஸ்டி ஒன்றில் உங்கள் நகலை ஏற்றினேன். ஓடியது. படத்தைச் சேமிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனதும் மொத்தமும் குழம்பியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அதே கதை. பெங்களூரிலிருந்து சர்வர் டிரைவ் ஒன்றை வரவழைத்தேன். அது வேறு ரகம். அதன் அடையாளத்தை உங்கள் டிரைவரில் சேர்த்தால் நீலத்திரை. பிறகுதான் தெரிந்தது, ஏதோ ஒரு பெரிய சேமிப்புப் பெட்டிக்காக அதில் தகவலை எழுதும் ஒவ்வொரு கட்டமும் வேறு அளவில் பிரிக்கப்பட்டிருந்தது. மாற்றவும் அது இடம் கொடுக்கவில்லை.

உங்கள் ஆபீஸ் நண்பர் பிரகாஷிடம் கேட்டேன். கருகிப்போனதன் ஜோடி இருந்தால் உங்கள் டிரைவர் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்றார். ஜோடி பூட்டிக் கிடக்கிறது என்றேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டிரைவின் லேபிளில் நீளமாக ஓர் எண் அச்சடித்திருக்குமாம். அதைக் கொடுத்தால் பூட்டு கழன்றுவிடுமாம், டிரைவ் புதுசு மாதிரி ஆகிவிடுமாம். உள்ளே இருப்பது மட்டும் அழிந்துவிடுமாம். யாராலும் மீட்க முடியாதாம்.

நான் செய்யவில்லை, மாமா. வேறு வழி தேடுகிறேன் என்று செல்வராசுவிடம் சொன்னேன். தேடவும் செய்தேன். அதே ரக டிரைவ் கேட்டுக் கடைகளுக்கு எழுதினேன், முகம் தெரியாதவர்களிடம் இணையத்தில் கெஞ்சினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் பீரோவைத் திறந்து துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினேன் என்பதும் உண்மை. இப்படியே மார்கழி போய்த் தை வந்து, மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது.

பெரக்கரை நாட்டு வெள்ளையண்ணன் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியிலிருந்து மல்லாந்து விழுந்தார். உங்களுக்குத் தெரியும் அவரை, நம் காட்டிலும் மிளகு பறித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். எக்ஸ்ரே இல்லை. அன்றைக்கு டாக்டரும் கீழே போயிருந்தார். வலிதானே, பேசுகிறாரே என்று ஜீப்பில் உட்காரவைத்து, கொண்டை ஊசி வளைவு அத்தனையும் குலுக்கிக்கொண்டு இறக்கியிருக்கிறார்கள். நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

நான் நாமக்கல்லுக்குப் பார்க்கப் போனேன். அவர் மனைவி செல்லம்மாள் வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"உக்கார வெச்சுத்தானுங்க கூட்டிட்டுப் போனோம். படுக்க வெச்சுக் கொண்டு போயிருக்கோணுமாம். எங்களுக்கு அப்பத் தெரியலீங்களே கண்ணு."

தன் மேல்தான் பழி என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் வீட்டுப் பீரோவில் என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிறகு நம் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். படம் இருந்திருந்தால் பலகையில் கட்டிப் படுக்கவைத்து அனுப்பியிருப்போம் என்றார். ஆனால் விழுந்த வேகத்திலேயே நரம்பு போயிருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் சொன்ன அந்த "லாம்" ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. போயிருக்காமலும் இருந்திருக்கலாம் அல்லவா?

மறுநாள் காலை தமிழினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பீரோவைத் திறந்தேன். லேபிளில் உங்கள் விரல் பட்டு ஓர் ஓரம் மங்கியிருந்தது. எண்ணை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒரு தடவை தப்பாகப் போனது. இதையே சாக்காக வைத்து நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை. எண்டர் தட்டினேன். நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது, மாமா. அழிவதற்கு இன்னும் கொஞ்ச நேரமாவது எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். டிரைவ் முழுக்கக் காலி என்று திரை சொன்னது. நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் போட்டால், உங்கள் டிரைவர் அதைப் பார்க்கவில்லை. அழித்ததும் வீண்தானா? பிரகாஷை போனில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். மாற்றிப் போட்ட போர்டில் டிரைவ் தயாராகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. உங்கள் டிரைவர் அதற்குள், இல்லை என்று முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். நீங்கள் எழுதிய அத்தனை வரிகளில் நான் மாற்றியது அந்த ஒன்றுதான். சிஸ்டம் எழுந்தது. செல்வராசு மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டுச் சோதித்தார். படம் பத்திரமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை.

சாயங்காலம் தமிழினியிடம் சொன்னேன். பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லம்மா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

"தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்."

அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. சரி என்று சொல்லியிருந்தால் அந்தப் பாரம் அவள் மேலும் ஏறும் என்று இப்போது எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொள்கிறேன். அவள் சில நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சமையலறைக்கு வந்து, அப்பா பின்னறையில் பேசும்போது கதவுக்கு வெளியே நான் என்ன கேட்டேன் என்று விசாரித்தாள். சிரிப்பு மட்டும் கேட்கும் என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வாரம் சோளக்காட்டில் வாழைத்தார் ஏற்றும்போது ஒரு அம்மா லாரியிலிருந்து விழுந்துவிட்டார். படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் விரிசல். பலகையில் கட்டி, ஆம்புலன்ஸை ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார்கள். கால் விரல்களை அசைக்கிறாராம். செல்வராசு போன் செய்து சொன்னபோது சந்தோஷப்படத்தான் வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் என் மனசு நேராக வெள்ளையண்ணன் வீட்டுக்குத்தான் ஓடியது.

அதில் என்ன இருந்தது, மாமா? எங்களுக்குப் பேசி வைத்தீர்களா? இல்லை, ஆபீஸ் வேலையா? உங்கள் குரலை அழித்தேனா, வெறும் கணக்குவழக்கை அழித்தேனா என்று எனக்கு இனி தெரியவே போவதில்லை. அழித்ததற்காக உங்களிடமும் தமிழினியிடமும் குற்றவாளி. முன்பே அழிக்காததற்காக இன்னொருவரிடம் குற்றவாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் பதில் பேசமாட்டீர்கள். அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சாகி யார் கைக்கும் போவதற்கு முன்னால், நான் பெரக்கரை நாட்டுக்குப் போவேன். வெள்ளையண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு என் பீரோவில் என்ன இருந்தது, ஏன் எடுக்காமல் இருந்தேன் என்று என் வாயாலேயே சொல்வேன். உக்கார வெச்சது உங்க தப்பில்லீங்க என்று செல்லம்மாளிடம் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். போகலாமா என்று தமிழினியிடம் இந்த முறை கேட்டுவிட்டேன். நானும் வாரேன் என்று சொல்லியிருக்கிறாள்.

உங்கள் மனைவி, தமிழினியின் அம்மா,
வளர்மதி