உள்ளங்கைச் சட்னி

வியாழக்கிழமை

தூக்கம் வரவில்லை. காலையில் பெரம்பலூர்க் கடையில் நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தாத்தா பாலக்காட்டிலிருந்து வந்து இட்லிக் கடை போட்ட நாள் முதல் ஒரே வழக்கம்தான். வீட்டு ஆள் ஒருவர் சட்னியையும் சாம்பாரையும் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்துத் தலையாட்டிய பிறகே முதல் இலை போடுவோம். இப்போது அது அப்பாவின் வேலை.

இன்று சட்னியை நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு, போடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அதன் வாடையே குமட்டியது. நேற்று மிஞ்சிய சட்னி, கொட்ட மறந்திருக்கிறார்கள். கை பட்டதுபோல் வாளியைத் தட்டிக் கவிழ்த்தேன்.

"பாத்துத் தூக்க மாட்டியா?" என்று கடிந்துகொண்டார். கெட்ட வாடையோ ருசியோ அவருக்குத் தெரியவே இல்லை.

பிறகு சமையல் மாஸ்டரைத் தனியாகக் கேட்டேன். "போன மாசம் உப்பே போடாத சாம்பாருக்கும் தலையாட்டுனாருங்க. மொதலாளிகிட்ட நான் எப்படிக் கேக்குறது?" என்றார்.

நான் வாளியைக் கவிழ்த்தபோது, இலைக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நாளாக அப்பா தினமும் ராத்திரி என்னிடம், "இன்னைக்கு சாம்பார் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்கிறார். பாராட்டுக்குத்தான் கேட்கிறார் என்று இதுவரை நினைத்து, "நல்லா இருந்துச்சுப்பா" என்பேன். அரியலூரில் புதுக் கடை வேலையை நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து பெரம்பலூர்க் கடையில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை.

இன்றும் படுக்கப் போகும் முன் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.