புளி போட்டுத் தேய்த்த கார்

சென்னை,
9-10-1961

அன்புள்ள ராணிக்கு, கன்னியப்பன் எழுதுவது. நான் சுகம். பெருநகர் கிராமத்தில் உன் தங்கை அம்முலுவும் பிறந்த குழந்தையும் சுகம்தானே? ஒரு மாதம் அவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு வந்திருக்கிறாய், கொஞ்சம் ஓய்வெடு.

நீ இல்லாதபோதும் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்து அந்த முழ நீளத் தகரப் பொம்மைக் காரை முடித்துவிட்டேன். பரண்மேல் இருக்கிறது. சினிமாவுக்கு செட்டு போடுகிற மேஸ்திரி ஒருவர் கேட்டிருக்கிறார். பிடித்துவிட்டால் ஸ்டூடியோவிலேயே நிரந்தர வேலை. பிறகு நான் டிங்கர் சுத்தியலோடு ஆறு பேர் அறையில் கிடக்க வேண்டாம். சைதாப்பேட்டையில் வீடு பார்த்து உன்னையும் அம்மாவையும் அழைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை முடிந்ததும் பஸ் கண்டக்டர் ஏசுதாஸ் வருவார். கொடுத்தனுப்பு. பத்திரம்.

கன்னியப்பன்


உத்திரமேரூர்,
20-10-1961

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ராணி வணங்கி எழுதிக்கொண்டது. சுந்தரவரதர் புண்ணியத்தில் நானும் அத்தையும் நலம்.

சைதாப்பேட்டை என்று எழுதியதைப் படித்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. ஆனால் உங்களிடம் ஒரு சண்டை இருக்கிறது. நான் பெருநகர் போகும்போது கண்ணாடி போல் இருந்த கார், இறக்கிப் பார்த்தால் முழுக்கத் துரு! சக்கரத்து மேல்மூடி அரித்துப் பொத்தல். போதாததற்குக் கூரையில் காக்கை எச்சம். அந்த இடத்தில் ஓடு ஒழுகுகிறது என்று ஆடியிலேயே சொன்னேன், கேட்டீர்களா?

அரிவாள்மணை முதல் உழக்கு வரை தேய்த்துப் பொட்டு வைக்கிற நாளில், உங்கள் கைப்பொருள் மட்டும் துருவோடு சாமி முன்னால் உட்காரலாமா? புளியும் சாம்பலும் போட்டு, தண்ணீர் சிவப்பு நிற்கும்வரை தேய்த்தேன். பொத்தலை மெழுகால் அடைத்தேன். ஒரு கைப்பிடி புளி ஆயிற்று; கணக்கில் ‘கார்’ என்றே எழுதியிருக்கிறேன். சந்தனம், குங்குமம் வைத்துப் பெருமாளிடம் உங்கள் வேலைக்காக வேண்டிக்கொண்டேன்.

ஏசுதாஸ் அண்ணன் அசந்துபோனார். “இன்னாமா, உன் வூட்டுக்காரரு புதுக்காரே வாங்கிட்டாரா? மூஞ்சி தெரியுது இதுல!” என்றார்.

நல்ல சேதிக்குக் காத்திருக்கும்,
ராணி


சென்னை,
27-10-1961

ராணிக்கு,

கார் வந்தது. அது ஓடு ஒழுகிப் பிடித்த துரு இல்லை. இரும்பு அரத்தூளைப் புளித்த மோரில் ஊறவைத்து, செங்கல் பொடியும் விளக்குக்கரியும் பசையில் குழைத்து நான் பூசியது. பொத்தல் நான் ஊசியால் போட்டது. எச்சம், சுண்ணாம்பு. பத்து வருஷம் காட்டில் மழையில் கிடந்தது போன்ற காரைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். “இன்னாயா, கல்யாண ஊர்கோலத்துக்கா கொண்ணாந்தே? மாப்பிள எங்க?” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களுக்கு அவசரம், வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

உன்மேல் தப்பில்லை. தீபாவளிக்கு லீவு கிடைக்காது.

கன்னியப்பன்


உத்திரமேரூர்,
31-10-1961

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ராணி எழுதுவது.

தப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அடுப்பில் உலை இருந்ததை மறந்து சோறு கரைந்துபோயிற்று. அத்தை, “இன்னாடி ஆச்சி, கஞ்சியா காச்சிக்கினு கீற?” என்று கேட்டார்.

பெருமாளுக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் தேய்த்தேன். உங்கள் வேலையை என் கையாலேயே கழுவி வாழைக்கு ஊற்றிவிட்டு, அதற்கு வேண்டுதலும் வைத்தேன். ஆனால் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? குழம்பில் உப்பைக் குறைத்தால்கூட உங்களிடம் சொல்கிறவள் நான்.

பழைய தகரத்தில் மோரும் அரத்தூளும் தடவி வைத்தேன். ஓரத்தில் சிவந்துகொண்டு வருகிறது. பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் தெரியவில்லை. நீங்கள் வந்து இன்னொரு கார் செய்யுங்கள். செங்கல் இடித்துத் தருகிறேன், விளக்குப் பிடிக்கிறேன். ஞாயிறு வருவீர்கள்தானே?

ராணி


சென்னை,
12-11-1961

ராணிக்கு,

சுகம். ஞாயிறு வர முடியவில்லை. இன்னொரு கார் ஆரம்பித்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் முதலாளி ஒரு மூலை ஒதுக்கித் தந்திருக்கிறார்; ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். இனி அங்கும் இங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பரணில் உள்ள தகரக் கத்திரி, சின்ன அரம், பசைக் கிண்ணம் மூன்றையும் ஏசுதாஸிடம் கொடுத்தனுப்பு.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

கன்னியப்பன்


உத்திரமேரூர்,
16-11-1961

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ராணி வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஒர்க்‌ஷாப் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பது உங்களுக்கு சௌகரியம்தான். இவ்வளவு காலம் ஞாயிறுதோறும் நீங்கள் வந்தது காருக்காகவா, எனக்காகவா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்கிற அவசியம் வரவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கென்று ஓர் ஆழாக்கு அரிசி சேர்த்து அளப்பேன். இந்த வாரமும் அளந்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட மூன்றும் ஏசுதாஸ் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கிண்ணத்தில் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. அரத்தின் பல்லில் சிவப்புத் தூள் அடைத்திருக்கிறது. கத்திரியில் பிடித்திருப்பது நிஜத் துருவா, நீங்கள் பூசியதா என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் துடைக்கவில்லை.

ராணி