வரப்பில் போட்ட கடைசிப் பிடி

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வெயில். மதியம் மேற்கே கருத்துக்கொண்டு வந்து, பேருக்குத் தூறிவிட்டுப் போனது.

விஜயபுரம் போய் வந்தேன். ஊரில் அண்ணன் நிலத்தில் கடலை விதைப்பு. நகரியில் பஸ் மாறுவதற்குள் இடுப்பு போயிற்று.

செய்தவை:
- விதைக்கு மருந்து கலந்தது. சிவப்பு. கலந்தது நான்தான், அண்ணன் லேபிள் படிக்க மாட்டார். கையுறை இரண்டு ஜோடி. போன வருடம் வேர்ப்புழு பாதியைத் தின்றுவிட்டதால் இந்தத் தடவை புது மருந்து. "இதுக்கு எதுவும் தப்பாதுன்னு கடைக்காரன் சொல்றான்" என்றார்.
- டிராக்டர் பதினொரு மணிக்கே முடித்துவிட்டது. பையில் விதை மிச்சம்.
- கடைசிப் பிடி வரப்பில் போட்டது. பையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, கடைசிப் பிடி பறவைக்கு. அதைத் தின்றுவிட்டு விதைத்த இடத்தை நோண்டாமல் விடும் என்று ஒரு நம்பிக்கை. இன்று ஒரு பிடி இல்லை, நாலு பிடி இருக்கும். தாராளம்.

பக்கத்துக் கொல்லையில் முனிரத்தினமும் அவர் மனைவி கன்னியம்மாவும் கையால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். இவருக்கு இப்போது குத்தகை. விதை வீட்டில் எடுத்து வைத்தது, மருந்து கிடையாது. மயிலைப் பார்த்து மண்ணாங்கட்டி வீசிக்கொண்டே இருந்தார். "இதுங்கள ஒரு நாளு தீத்துக் கட்டிட்டுதான் மறுவேல." இதையே டீக்கடையிலும் சொல்கிறாராம். வாய் மட்டும்தான். போன கோடையில் இதே மயிலுக்குச் சட்டியில் தண்ணீர் வைத்த ஆள்.

வாங்க வேண்டியது: ஸ்பிரிட், ரப்பர் செருப்பு, வெங்காயம்.


ஜூலை 7, திங்கள்

மூட்டம். கரண்ட் இரண்டு தடவை போனது. ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் செத்த பறவைகள்; இரண்டு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

இன்று அறுத்துப் பார்க்க மேஜைக்கு வந்தவை:

கூகை. பாகாலா ரயில்வே குவார்ட்டர்ஸ், மின்கம்பி. இறக்கை விளிம்பில் மயிர் போன்ற ஓரம். அதனால்தான் பறக்கும்போது சத்தமே வருவதில்லை. கூகைக்குத் தீனிப்பை கிடையாது. விழுங்கினால் நேராக வயிறு. உள்ளே எலி மயிர், தாடை எலும்பு இரண்டு. அதைத் துப்புவதற்குள் செத்திருக்கிறது.

சின்னக் கொக்கு. சித்தூர் பக்கம் ஏரி. வயிறு மெல்லிய பை. தட்டான் புழு, தலைப்பிரட்டை, தூண்டில் நரம்பு ஒரு முழம். மீன் ஒன்றுகூட இல்லை. ஏரியில் இருந்தால்தானே.

சின்னான் (கொண்டைக்குருவி). அலிபிரி, வாகனத்தில் அடிபட்டது. உண்ணிப்பழம் மாதிரி ஏதோ விதை, எறும்பு, முழுசாக ஒரு பூந்தி. மலைக்கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் சிந்திய பிரசாதம். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

டாக்டரம்மா பூந்தியையும் எழுதச் சொன்னார். தெலுங்கில் 'பூந்தி, ஒக்கட்டி' (ஒன்று) என்று எழுதினேன். கண்ணில் பட்டது எல்லாம் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். பன்னிரண்டு வருடமாக நான் அறுத்துக் கழுவிப் பிரித்து வைக்கிறேன், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே: "குளிச்சிட்டு உள்ள வாம்மா, இன்னிக்கி வெளியாளு வந்துகிறாங்க." தெரியும். தினமும் தெரியும்.


ஜூலை 8, செவ்வாய்

காலையில் நல்ல மழை. அண்ணனுக்குப் போன் போட்டு முளைப்புக்கு நல்லது என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்.

பத்தரைக்கு வனத்துறை ஜீப். இரண்டு கோணிப் பை. பெட்டை மயில் மூன்று, ஆண் ஒன்று, மணிப்புறா இரண்டு. சீட்டில் ஊர்ப் பெயர்: விஜயபுரம் மண்டலம். எங்கள் கிராமம்.

ஆணுக்குத் தோகை பாதி உதிர்ந்திருந்தது. விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. அலகு ஓரத்தில் நுரை காய்ந்திருந்தது. அடிபட்ட காயம் எதுவும் இல்லை.

முதல் பெட்டையின் தீனிப்பை கழுத்தடியில் பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. அதில்தான் தின்றது தின்றபடியே ஊறும். அதற்குக் கீழேதான் கந்தனக்காய், கறிக்கடையில் கேட்டு வாங்குவோமே அது, கல்லை வைத்து அரைக்கும் பை. கீழே போனால் எல்லாம் மாவு. மேலே இருக்கும்வரை எல்லாம் முழுசு.

கத்தரிக்கோலால் ஒரு கோடு இழுத்தேன். தட்டில் கொட்டியது.

சிவப்பு.

சிவப்புக் கடலை. நகத்தில் இன்னும் ஒட்டியிருக்கிற அதே சிவப்பு.

கை நின்றுவிட்டது. டாக்டரம்மா, "ஏமைந்தி?" என்றார். என்ன ஆயிற்றாம். ஒன்றுமில்லை என்றேன்.

ஒரு பெட்டையின் பையில் மட்டும்: சிவப்பு 23, வெறும் தோல் நிறத்தில் 9. வெறும் நிறம் முனிரத்தினம் வீட்டு விதையாக இருக்க வேண்டும், அந்தப் பக்கம் வேறு யாரும் விதைக்கவில்லை. கந்தனக்காயில் கூழ், கூழாங்கல், ஒரு வளையல் துண்டு. புறாக்களிலும் சிவப்பு.

டாக்டரம்மா அடுத்த மேஜையில் ஒரு நாய்க்குத் திரும்பிவிட்டார். அங்கிருந்தே சொல்லச் சொல்ல எழுதினேன்: "தீனிப்பையில் நிலக்கடலைப் பருப்பு. விஷம் என்று சந்தேகம். மாதிரி ஆய்வுக்கு." படிவத்தில் நிறத்துக்கு இடம் இல்லை. நேற்று ஒரு பூந்தியை எழுதியவள் இன்று நிறத்தை எழுதவில்லை.

ஜீப்போடு வந்த ஃபாரஸ்ட் கார்டு வெளியே பீடி பிடித்துக்கொண்டு: "ஆளு கிடைச்சிட்டாம்மா. பக்கத்து நெலத்துக்காரன். மயில கொல்றேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தானாம். கேட்டதும் வாடே ஒப்புகுன்னாடு." தானே ஒத்துக்கொண்டானாம்.

முனிரத்தினம் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?

சாப்பிடவில்லை. நான் போட்டதுதான். லேபிளை ஒரு வரி விடாமல் படித்தவள் நான், பறவை பறவை என்று பிழைப்பவள் நான். அந்த நேரத்தில் கை அதுபாட்டுக்குப் போட்டது. விதை மாறியது கைக்குத் தெரியவில்லை.


ஜூலை 9, புதன்

புழுக்கம்.

காலையில் அண்ணன் போன்.

"நீ எதுனா சொல்லிக்கினு இருக்காத. அவனே ஒத்துக்கினான். நமக்கின்னா?"

"அவரு போடலண்ணா. நான் போட்டது."

"யாரு பாத்தா? உன் வேல போவும். பர்மனெண்ட் கூட கெடயாது. கேஸு நெலத்துக்காரன் பேர்ல, என் மேல வரும். அவன் சுளுவா வெளிய வந்துடுவான்."

அவன் சாமானியத்தில் வெளியே வர மாட்டான். அது அண்ணனுக்கும் தெரியும். மயில் கேஸில் எங்கள் வீட்டு ஆள் என்றால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். முனிரத்தினத்தை நேற்றிலிருந்து வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மதியம் கன்னியம்மா போன். என் நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, நீங்க அந்த பறவ ஆஸ்பத்திரிலதான கீறீங்க? எங்க கடல துன்னா மயிலு சாவுமாக்கா? அதே கடலதான் முந்தாநேத்து நாங்க வறுத்து துன்னோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே."

"ரிப்போர்ட் வரணும் கன்னியம்மா."

"எப்பக்கா வரும்?"

"தெரியல."

இதுதான் நான் சொன்னது. வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை என்று பீற்றிக்கொண்டதில்லை, ஆனால் இது அசிங்கம். போனை வைத்த பிறகும் காது எரிந்தது.


ஜூலை 10, வியாழன்

தூக்கம் இல்லாததால் விடியும்போதே அலிபிரி பக்கம் நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை மயில் காலால் சருகைக் கிளறி, ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, கொத்தி, மறுபடி கிளறியது. கரையான், புல்விதை, ஓணான் குட்டி, கிடைப்பது எல்லாம் அதற்குச் சாப்பாடு. மலையில் இருந்தால் நூறு தினுசு தின்னும். எங்கள் ஊர்ச் சமவெளியில் இந்த மாதம் கடலை ஒன்றுதான். வேறு என்ன விட்டுவைத்தோம்.

போஸ்ட்மார்ட்டம் ரூமில் அலமாரியைத் திறந்தேன். ஆய்வுக்கு அனுப்பியது போக மீதிக் கடலையை ஸ்பிரிட் பாட்டிலில் நான்தான் போட்டு வைத்திருந்தேன். ஸ்பிரிட் ரோஸ் நிறமாகிவிட்டது. கடலை வெளுத்துக்கொண்டு வருகிறது. சாயம் கரைகிறது. இன்னும் நாலைந்து நாளில் 23-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது. ஆய்வுக்குப் போன பாட்டிலும் அதே ஸ்பிரிட்தான். அவர்கள் விஷத்தின் பெயரைச் சொல்வார்கள், எந்தக் கடலையில் இருந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

அலமாரியைச் சாத்தினேன். திறந்தேன். இப்படி மூன்று முறை. அறையில் யாரும் இல்லை, ஒரு செத்த மீன்கொத்தியைத் தவிர.

வெங்காயம் இன்னும் வாங்கவில்லை.


ஜூலை 11, வெள்ளி

மழை.

எட்டரைக்கே போய், பாட்டிலைத் திறந்து கடலையை வெளியே எடுத்து வெள்ளைத் தட்டில் இரண்டு வரிசையாக வைத்தேன். சிவப்பு இப்போது வெளிர் ரோஸ். ஆனாலும் தெரிகிறது. டாக்டரம்மா வந்ததும் சொன்னேன். எல்லாம். நாலு பிடி என்பது உட்பட.

தட்டை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்தினார். "எந்துகம்மா செப்பாவு?" ஏன் சொன்னாய் என்று. திட்டு மாதிரி இல்லை, இரக்கப்பட்ட மாதிரி இருந்தது. அது இன்னும் மோசம். போட்டோ எடுத்தார். ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். என் கையாலேயே எழுதினேன்: பருப்பு இரண்டு வகை, ஒன்றில் விதை நேர்த்தி மருந்தின் சிவப்புச் சாயம்.

இரண்டு மணிக்கு ரேஞ்ச் ஆபீஸ். முனிரத்தினம் தரையில், சுவரில் சாய்ந்து. மூன்று நாள் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தப் பழக்கம் என்னைக் கொன்றது.

ஆபீசர் நான் சொன்னதை நம்பவில்லை. அவர் வேறு மாவட்டத்துக்காரர். "பறவை தின்னக் கூடாதுன்னுதான் விவசாயி பாடுபடறான். நீங்க பறவையைக் கூப்பிட்டு விதை போட்டேன்னு சொல்றீங்க. இந்த ஆளைக் காப்பாத்த வந்தீங்களா?"

முனிரத்தினம்தான் பதில் சொன்னார்.

"எங்க ஊர்ல எல்லாரும் போடுவாங்க சார். கடசிப் பிடி. நானுந்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன்யா கொன்னேன்னு ஒத்துக்கிட்ட?"

"நான் போட்டத துன்னுதான் செத்துச்சின்னு நெனச்சேன். வாயால வேற சொல்லிக்கினு இருந்தேன். சொன்ன வார்த்த பலிச்சிட்ச்சின்னு..." பிறகு என்னிடம், "அப்ப என்னுதுல ஒண்ணும் இல்லயாம்மா?"

"இல்ல முனிரத்தினம். உன்னுது நல்ல விதை."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் வாக்குமூலம் மூன்று பக்கம், தெலுங்கில். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. ஆபீசர் போட்டோவையும் ரிப்போர்ட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு முனிரத்தினத்தை அனுப்பிவிட்டார். அண்ணனுக்கும் எனக்கும் நோட்டீஸ் வருமாம். டாக்டரம்மா போனில்: "நாளையிலேருந்து வராதே. நான் சொல்றேன், அப்புறம் வா." எப்போது என்று நானும் கேட்கவில்லை.


ஜூலை 12, சனி

அறையைக் கூட்டினேன். ரப்பர் செருப்பு வாங்கினேன். எதற்கு என்று வாங்கிய பிறகு தோன்றியது.

வீட்டுக்காரம்மா: "இன்னிக்கி லீவா? குளிக்காமயே உள்ள வரலாம்."


ஜூலை 13, ஞாயிறு

வெயில். வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் திண்ணையை விட்டு எழுந்து தெருவில் இறங்கினார். அண்ணி சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கையுறை, டப்பா, ஒரு சின்னக் களைக்கொத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மிச்சம் கிடப்பதைப் பொறுக்க வேண்டும். மழையில் பாதி மண்ணுக்குள். சில முளை விட்டிருக்கின்றன. செத்த மைனா ஒன்று இருந்தது, ஆழமாகப் புதைத்தேன்.

பத்து மணிக்குக் கன்னியம்மா வந்தாள். எதிரில் குந்தினாள். நான் கழற்றிக் கொடுத்த ஒரு கையுறையை மாட்டிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு கையாகப் பொறுக்கினோம். சாயம் வெளுத்ததும் அவர்கள் வீட்டுக் கடலையும் கலந்து கிடந்ததால் சந்தேகமானதை எல்லாம் டப்பாவில் போடச் சொன்னேன். போட்டாள்.

வரப்பு முடியும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அடுத்த தபா நீங்க போடாதீங்க."

"சரி."

"நாங்க போடறப்ப உங்களுது ஒரு பிடியும் சேத்துப் போட்டுட்றோம்."

கையுறையைக் கழற்றி டப்பா மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

டப்பாவில் அறுபத்தேழு. நாலு பிடிக்கு இது ஒரு மூலைக்குக் காணாது. மீதி எங்கே என்று தெரியும், சிலது மேஜைக்கு வந்தது, சிலது மண்ணுக்குள்.

வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை மயில் அரைமணி நேரமாக நிற்கிறது. கழுத்தை நீட்டுகிறது, இழுத்துக்கொள்கிறது. நான் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிறது.

நாலு மணி பஸ்ஸை விட்டாயிற்று. எழுந்திருக்கப் போவதில்லை.