ஆடு மட்டும் மிஞ்சிய தீவு

திருப்போரூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வைஷாலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நலம், மனதளவில் அம்மா மட்டும் நலம். அந்த ஃபின்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். நீ உருவாக்கும் கதை விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று படிவத்தில் கேட்டிருந்தாய், என் கருத்து நட்சத்திரத்தில் அடங்காது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசியல் நெறி சொல்லித்தரும் விளையாட்டு என்றாய். எட்டு வருஷமாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருப்பவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் உட்கார்ந்தேன். புயலடித்த தீவு, நான் ஊர்த்தலைவர், நான் எடுக்கும் முடிவுக்குத் தக்கபடி கதை திரும்பும், அவ்வளவுதானே. முதல் வேலையாக ஜனங்கள் குறை எழுதும் பலகையைக் கழற்றச் சொன்னேன், வேலை நடக்க வேண்டாமா. பாலம் பாதியில் நிற்கும்போது தேர்தல் எதற்கு என்று அதைத் தள்ளிவைத்தேன். எதிர்த்துப் பேசிய டீச்சரைப் படகுத்துறையில் மீன் எண்ணும் வேலைக்கு மாற்றினேன். பத்தாவது கட்டத்தில் ஊரே படகேறிப் போய்விட்டது, தீவில் நானும் ஒரு ஆடும்தான் மிச்சம். ஆடாவது என் பக்கம் இருக்கிறதே என்று பார்த்தால், கட்டிப்போட்டிருப்பதால்தான் இருக்கிறது என்று கீழே எழுதியிருக்கிறாய். பெற்ற தகப்பனிடம் சொல்கிற பேச்சா அது? மூன்று முறை ஆடினேன், மூன்று முறையும் அதே ஆடு.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒரே ஒருமுறை ஆடினாள். எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டிக் கேட்டாள், பாலம் முடிய என்னைவிட இரண்டு மடங்கு நாளானது, ஆனாலும் கடைசியில் பதவியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள், திரையெல்லாம் பூ கொட்டியது. ஜனமே இல்லாத ஊர்ல தலைவரா குந்திகினு இன்னா பண்ணப்போறீங்க என்று என்னைக் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் விளையாட்டு தப்பு என்று நிரூபிக்க நிஜ ஜனங்களையே வைத்துத் தேர்தல் நடத்துவது என்று முடிவு செய்தேன். எட்டு வருஷமும் நான் ஏகமனதாகத் தேர்வானவன். வேலை நாளில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைப்பேன், ஆட்சேபிக்க ஆளே வராது. இந்த முறை ஞாயிறு சாயங்காலம் வைத்தேன், வீட்டுக்கு ஒரு ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு என்று நோட்டீசில் தடித்த எழுத்தில் நானே எழுதினேன். என்னை எதிர்த்து முதல் மாடி ஷபானா நின்றாள், ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பெண். மிக்சி வந்த அட்டைப்பெட்டிதான் வாக்குப்பெட்டி. ஜெராக்ஸ் கடை சின்னராசு சீட்டுகளை எண்ணி முடித்துவிட்டு, சார், மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்க, அந்தம்மாவுக்குப் பதினாறு, உங்களுக்கு ஒன்னியும் இல்ல என்றார்.

மொத்தமே பதினாறு வீடுதான் வைஷாலி. நம் வீடு உன் அம்மா பார்வதம் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதனால் நம் வீட்டு ஓட்டைப் போட்டவள் அவள். பூஜ்யம் வந்த பிறகு ரகசியம் எங்கே இருக்கிறது? மாடிக்கு வந்து அவளையே கேட்டேன். உங்களுக்குப் போடத்தான் போனேன், ஆனா எட்டு வருசமா உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னாகூட மனு எழுதி நிக்கிற மாதிரி கீது, எனக்கு என் வூட்டுக்காரர் திரும்ப வேணும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தண்ணீர் திறந்துவிடும் பழக்கத்தில் கீழே இறங்கிவிட்டேன். ஷபானா மோட்டார் ரூமில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள், அங்கிள், எந்த வால்வை முதல்ல திறக்கணும் என்றாள். கண்டுபிடித்துக்கொள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வாஸ்தவமாகச் சொல்கிறேன், வந்தது. சொல்லாமல் வால்வைக் காட்டினேன். போன வியாழன் மாடியில் புறாத் தொல்லை என்று ஒரு புகாரும் எழுதிக் கொடுத்தேன், மறுநாளே வலை கட்டிவிட்டாள். இந்தச் சங்கத்தில் இவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் பதில் சொன்னதில்லையே என்று நினைத்தேன், பிறகுதான் இத்தனை நாள் பதில் சொல்லும் இடத்தில் இருந்தது நான்தான் என்று உறைத்தது.

ஆகையால் உன் விளையாட்டில் ஒரே ஒரு குறை. தோற்றதும் திரை கறுத்துவிடுகிறது, மறுபடி ஆடு என்கிறது. தோற்றவன் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டம் வை. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கட்டம், பிள்ளைகள் இப்போதே ஆடிப் பழகட்டும்.

முருகன் அருளால் நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. அனுப்பிய பருப்புப் பொடி பூசணம் பிடிப்பதற்குள் சாப்பிட்டு முடி. விளையாட்டின் நன்றிப் பட்டியலில் எங்கள் பெயர் போடுவதானால் அம்மா பெயரை முதலில் போடு, ஓட்டு இப்போது அவள் கையில்.

என்றும் உன் நினைவில்,
அப்பா
மு. பன்னீர்செல்வம்
முன்னாள் செயலாளர்