குறை சொல்ல ஆள் தேவை

மார்ச் 4

துண்டுக் கம்பெனியின் மேலாளரம்மா வந்துவிட்டுப் போனார். எங்கள் இல்லத்துப் பெண்கள் தைத்த குளியல் துண்டை எடுத்து, ஓரத் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு நூல் அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நன்கொடை கேட்டுக் கேட்டே தேய்ந்த வாய் இது. இன்றுதான் ஒருவர் என்னிடம், "உதவி செய்ய வரலைங்க. எங்க துண்டுக்கு ஓரம் தைக்க நல்ல கை வேணும், அதான் வந்தேன்" என்கிறார். வெளியே என்ன கூலியோ அதே கூலி, அதே விடுப்பு. அடி தாங்காமல் உடுத்திய துணியோடு ஓடிவந்தவர்கள், சொந்தச் சம்பாத்தியத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இங்கிருந்து போவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. தொழிலாளர்களை நியாயமாக நடத்துகிற கம்பெனி என்று முத்திரை வாங்கியவர்கள் அவர்கள். எங்கள் தையல்கூடமும் அந்தச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது.

மார்ச் 11

கூடத்தைக் கழுவினோம். ஜன்னல் கம்பியைக்கூட விடவில்லை. "மாப்பிள்ள வீட்டுக்காரங்களா வர்றாங்க?" என்றாள் பட்டாசு. அவள் வாய்க்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது.

மார்ச் 13

ஆய்வாளர் வந்தார். ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். இருக்கட்டுமே! பட்டாசை மட்டும் நூல் வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டேன் – ஏதாவது உளறிக் கொட்டினால்? மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை. வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று என் தங்கங்களுக்குத் தெரியும்.

மார்ச் 20

தேறவில்லை.

மார்ச் 21

மேலாளரம்மா போன் செய்தார். "எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லியிருக்காங்க மேடம். 'இங்க ஒரு குறையும் இல்ல, ரொம்ப நன்றி.' ஒருத்தர் விடாம. மிரட்டி வச்சிருக்காங்கன்னு ஆய்வாளர் எழுதிட்டார்."

மிரட்டியா? நானா? யார மிரட்டினேன் நான்? ஐயோ, அது பயமே இல்லையே, பழக்கம்! நன்கொடையாளர் முன்னால் குறை சொன்னால் மறுபடி வர மாட்டார் என்று, இந்த இல்லத்துக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். குறையில்லை என்று சொல்வது எங்களுக்குக் கைவந்த கலை. அதுவே கழுத்தை அறுத்துவிட்டது.

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னொரு தடவ வரச் சொல்றேன். அதுலயும் தேறலன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

மார்ச் 24

பெண்களைக் கூடத்தில் உட்கார வைத்து, "குறை சொல்லுங்க" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன குறைக்கா சொல்லணும்? நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள் சட்டைகளுக்குக் காஜா தைக்கிறவள். தலையில் அடித்துக்கொண்டேன்.

பட்டாசுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க கொஞ்சம் வெளிய போங்கக்கா. இத நான் பாத்துக்கறேன்."

போனேன். கதவுக்குள்ளே முதலில் கிசுகிசு. அப்புறம் சிரிப்பு. அப்புறம் ஒரே சத்தம். நடுவில் யாரோ அழுதார்கள். யாரென்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 2

ஆய்வாளருக்கு எழுதிக் கை வலித்திருக்கும். யார் எதைச் சொன்னது என்று காட்டாமல் எனக்குப் படித்துக் காட்டினார். இஸ்திரி போடும் மூலையில் காற்றில்லை. நாற்காலிகள் முதுகை ஒடிக்கின்றன. கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அக்கா நல்லவர்தான்; ஆனால் தையல் கோணினால் பெருமூச்சு விடுகிறார். திட்டினால்கூடத் தாங்கலாம், அந்தப் பெருமூச்சைத் தாங்க முடியவில்லை.

நான் பெருமூச்சு விடுகிறேனா? வீட்டுக்கு வந்ததும் இவரைக் கேட்டேன். செய்தித்தாளை இறக்காமலே, "இப்பத்தான் தெரியுதா?" என்றார்.

"எனக்குச் சந்தோஷமா இருக்குங்க."

"அதான பாத்தேன். இதையே நான் சொன்னா ரெண்டு நாள் பேச மாட்ட."

சொல்லிக்கொள்ளட்டும். குரலை உயர்த்தினால் அடி விழும் என்று வளர்ந்த பிள்ளைகள், இன்று என் தலையிலேயே குட்டியிருக்கிறார்கள். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஏப்ரல் 26

மின்விசிறி மாட்டியாயிற்று. நாற்காலிகள் மாறின. கழிப்பறைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. பெருமூச்சுக்குத்தான் மருந்தில்லை, வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடுகிறேன்.

தேறிவிட்டோம்!

ஜூலை 9

பட்டாசு இந்த வாரம் தனி அறைக்குக் குடிபோனாள். காஜாக்காரியும் இடம் பார்க்கிறாள்.

நான் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பது இல்லத்து வழக்கம். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்டதில்லை. இன்று கம்பெனியிலிருந்து வந்த துண்டுக் கட்டோடு உள்ளே போனேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. துண்டுகளை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

"அக்கா, போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க. பஞ்சு பறக்குது" என்றாள் காஜாக்காரி. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சரி என்று சாத்திவிட்டு வந்தேன்.