வண்டி ஆறும் இரண்டு நிமிடம்

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

உன் காரை இன்று ஓட்டினேன். நீ போன பத்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எதிர்த்தெரு மெக்கானிக் மூர்த்தி அண்ணன்தான் புது பேட்டரி மாட்டிக் கொடுத்தார். நாலு சிலிண்டர் வண்டிகளிலேயே முடி நரைத்த மனிதர். இஞ்சின் சத்தம் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு சிலிண்டர் வேல செய்யாம மிஸ் ஆவுதும்மா. பிரிச்சுப் பாத்துடலாம்" என்று ஸ்பானரை எடுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெள்ளத்தில் மூழ்கிய இந்த வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தபோது நீயும் இதையே சொல்லி இரண்டு முறை பிரித்தாயே! அப்புறம்தானே, "அஞ்சு சிலிண்டருன்னா இப்டித்தான் கத்தும் செல்வி. நொண்டுறாப்ல கேக்கும், ஆனா நொண்டல" என்று அசடு வழிந்தாய்.

உன் கையால் மூடியதை இன்னொருவர் திறக்க எனக்கு மனம் வரவில்லை. "கைய வெக்காதீங்கண்ணே, அதோட கொரலே அதான்" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான். என் காது தப்பாக இருந்தால், நீ வருஷக்கணக்கில் உயிர் கொடுத்த இஞ்சினை நானே பாழாக்கியவள் ஆவேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை போனேன். ஆளில்லாத நேர்ச்சாலை வந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதித்தள்ளும் டர்போ ஒரு கணம் யோசித்தது. பிறகு ஐந்து சிலிண்டரும் சேர்ந்து உறுமி எங்களை இருக்கையோடு ஒட்டவைத்தன. "யம்மா! ரேஸ் வண்டிம்மா இது, இன்னாமா இழுக்குது!" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

செங்கல்பட்டு திரும்பி அவரை இறக்கிவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தேன். சாவியைத் திருப்பப் போன கை நின்றுவிட்டது. ஓடி வந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும், உடனே நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகும் என்று தினமும் இரண்டு நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாய். நான் உள்ளேயிருந்து கத்துவேன். "அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாது" என்று கிண்டல் செய்வாய்.

கடைசி நாள் மாலையும் கத்தினேன். "சோறு ஆறுது. உள்ள வரியா, இல்ல அங்கயே குந்திகினு இருக்கப் போறியா?" அன்று நீ கிண்டல் செய்யவில்லை. உடனே நிறுத்திவிட்டு வந்தாய். விடிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அண்ணா, அன்று நான் கத்தும்வரை நீ காத்திருந்தது வண்டிக்காகவா, உனக்காகவா? வலியைப் பொறுத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாய்? பத்தடி நடந்து வந்து உன் முகத்தை நான் ஏன் பார்க்கவில்லை?

இன்று நான் இறங்கவில்லை. "இன்னாடி, எறங்கலியா?" என்று அம்மா குரல் கொடுத்தார். "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. வெளியே வந்து, கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உன் இஞ்சினை யாரையும் பிரிக்க விடமாட்டேன். இனி நம் வீட்டு வாசலில் யார் தாமதித்தாலும் உள்ளிருந்து கத்தமாட்டேன், எழுந்து போய்ப் பார்ப்பேன். இது சத்தியம் அண்ணா.

அன்று வாசலுக்கு வராத உன் தங்கை,
செல்வி